கல் நடுவதற்கு முன் ஒரு நடை

வேளாங்கண்ணிப் பேரூராட்சி மன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மன்ற உறுப்பினர்களுக்கு,

உங்களில் பலர் எனக்குத் தம்பி, தங்கை வயது. சிலருடைய அப்பாவின் நிலத்தில் சங்கிலி போட்டு அளந்தவன் நான். நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றேன். இப்போது வேளாங்கண்ணியில்தான் இருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன். உங்கள் மேல் குறை சொல்வதற்காக எழுதவில்லை. உங்கள் கையில் இருக்கும் ஒரு காரியத்தின் எடை என்னவென்று, நாற்பது வருடம் தாமதமாகத் தெரிந்துகொண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எந்தப் பேரூராட்சியிலும் மன்றக் கூட்டம் எப்படி நடக்கும் என்பது ஊருக்குத் தெரியும். தெருவிளக்கு எரியவில்லை என்றால் குரல் உயரும். குடிநீர் இரண்டு நாளாக வரவில்லை என்றால் மேசையைத் தட்டுவார்கள். நடுவில் ஒரு பொருள் வாசிக்கப்படும்: இன்ன கிராமம், இன்ன புல எண், இத்தனை ஏர்ஸ் நன்செய் நிலத்தை விவசாய உபயோகத்திலிருந்து குடியிருப்பு உபயோகத்துக்கு மாற்ற ஆட்சேபணை இல்லை. வாசித்து முடிப்பதற்குள் அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள். தெருவிளக்கை மறுமாதம் மாற்றலாம். அந்த நிலம் மறுபடி வயலாகாது. அதற்குச் செலவான நேரமோ அரை நிமிடம்.

நீங்கள் ‘அதெல்லாம் மேலே முடிவாவதுதானே’ என்று சொல்லக்கூடும். பாதி உண்மை. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, எந்த நிலத்தில் வீடு, எதில் கடை, எதில் தொழிற்சாலை, எது விவசாயம் என்று ஒரு முழுமைத் திட்டம் வரைந்து வைப்பது திட்டக் குழுமத்தின் வேலை. அந்த வரைவை வெளியிட்டு, ஆட்சேபமும் ஆலோசனையும் சொல்லப் பொதுமக்களுக்குக் குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் தரவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஒருமுறை ஒப்புதலாகி அரசிதழில் வந்த திட்டத்தில் ஒரு புல எண்ணின் நிறத்தை மாற்றவேண்டுமென்றால் அதற்கும் விளம்பரம், ஆட்சேபம், பரிசீலனை, மறுபடி அரசிதழ் என்று வரிசை உண்டு. திட்டப் பகுதிக்கு வெளியே இருக்கும் விளைநிலத்தை மாற்றுவதற்கு 2017-இல் தனி விதிகளே வந்தன. வேளாண்மைத் துறையின் கருத்து, வட்டாட்சியரின் அறிக்கை, வெள்ளம் நிற்குமா என்று நீர்வளத்துறையின் சான்று, எல்லாம் கோப்பில் சேரும். கையெழுத்து நாகப்பட்டினத்திலோ சென்னையிலோதான் விழும்.

ஆனால் அந்தக் கோப்பில் உள்ளாட்சி மன்றத்தின் தீர்மானம் என்று ஒரு தாளும் இருக்கிறது. மற்றத் தாள்களெல்லாம் அந்த நிலத்தை ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள் எழுதியவை. அந்த ஊரில் தூங்கி எழுகிறவர்கள் எழுதும் தாள் அது ஒன்றுதான். அரசியல் சாசனத்தின் 74-ஆவது திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு உரிய பதினெட்டு வேலைகளில் முதலாவது நகரமைப்புத் திட்டமிடல். இரண்டாவது நில உபயோகத்தையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துதல். குடிநீர், குப்பை, தெருவிளக்கு எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

அந்தத் தாளை எழுத மன்றமே இல்லாத காலமும் இருந்தது. 2016 அக்டோபரில் பழைய மன்றங்களின் காலம் முடிந்தது. 2022 பிப்ரவரியில் நீங்கள் தேர்ந்தெடுக்கப்படும் வரை தமிழ்நாட்டு நகரங்களும் பேரூர்களும் தனி அலுவலர்களின் கையில் இருந்தன. அந்த ஐந்து வருடத்துக்கு மேலான காலத்தில் ‘எங்கள் தெரு வடிகாலை அடைக்கிறார்கள்’ என்று போய்ச் சொல்ல வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இல்லை. நீங்கள் வந்தபோது ஊருக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

என் கதைக்கு வருகிறேன். பல வருடங்களுக்கு முன், நான் வேலை பார்த்த வட்டத்தில் ஒரு நன்செய் நிலத்தை மனைப்பிரிவாக்க உட்பிரிவு செய்யச் சொன்னார்கள். ஊர், அலுவலகம், ஆட்கள் யாரும் இங்கே முக்கியமில்லை. பங்குனி வெயிலில் போய் அளந்தேன். தரை வெடித்துக் கிடந்தது. வயலின் தென்புறம் ஒரு பள்ளம், நடந்தால் முழங்கால் உயரத்துக்குக் கோரை. புலப்படத்தில் அது ஒரு மெல்லிய கோடு. பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடியதால் ‘வாய்க்கால் புறம்போக்கு’ என்று தனி எண் கிடையாது. அந்தக் கோட்டை வரைந்தேன். குறிப்புக் கலத்தில் ‘மேல்மடை வயல்களின் வடிகால்’ என்று எழுதவில்லை. யாரும் எழுதச் சொல்லவில்லை, எழுதாதே என்றும் சொல்லவில்லை. விட்டுவிட்டேன்.

இரண்டாம் வருடம் கார்த்திகையில், அதே பக்கத்தில் குத்தகைக்குச் சம்பா போட்டிருந்த என் அக்கா வீட்டுக்காரர் வந்து, தண்ணீர் வடியவில்லை, பயிர் அழுகுகிறது, வந்து பார் என்றார். போனேன். பள்ளம் இருந்த இடத்தில் செம்மண் கொட்டி மேடாக்கி, மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் வரிசையாக நட்டிருந்தது. அந்தக் கல்லில் நான் அளந்த எண்கள். மாமா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மடையில் அடைத்திருந்த ஆகாயத்தாமரையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பிடுங்கி என்ன பயன், தண்ணீர் போக வழி இல்லை. நேரடி விதைப்பில் வந்த பயிர், நாற்று மாற்றி நட அந்த வருடம் காலமும் இல்லை. செய்தித்தாளில் விளம்பரம் வந்ததாம், ஆட்சேபம் யாரும் தெரிவிக்கவில்லையாம். அந்தத் தெருவில் அந்தப் பத்திரிகை வாங்குபவர் யாருமில்லை.

உங்கள் தீர்மானத் தாளை நினைக்கும்போதெல்லாம் நான் எழுதாமல் விட்ட அந்தக் குறிப்புக் கலம் எனக்கு ஞாபகம் வருகிறது.

இப்போது நம் ஊரைப் பாருங்கள். கிழக்கே கடல். கடலை ஒட்டி மணல்மேடு. அந்த மேட்டில் ஊறி நிற்கும் மழைநீர்தான், அடியில் இருக்கும் உப்புநீருக்கு மேலே மிதந்து, நம் பழைய கிணறுகளுக்கு நல்ல தண்ணீர் தந்தது. மேற்கே தாழ்ந்த வயல்கள். தெற்கே வெண்ணாற்றின் கிளையான வெள்ளையாறு கடலில் சேருகிறது, அதற்கு அந்தண்டை செருதூர். மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறந்தாலும் நமக்குத் தண்ணீர் கடைசியில்தான் வரும். நாம் கடைமடை. வடிகாலுக்கோ நாம் முதல் மடை என்று சொல்லவேண்டும். மேலே தஞ்சாவூர், திருவாரூர் வயல்கள் வடித்துவிடும் வெள்ளமெல்லாம் நம்மைத் தாண்டித்தான் கடலுக்குப் போகவேண்டும். கடலும் அலையேறி ஆற்று முகத்தை மூடிக்கொண்டால் அது வந்த வழியே பின்வாங்கி நம் வயலிலும் தெருவிலும்தான் நிற்கும். இப்படிப்பட்ட மண்ணில் ஒரு பள்ளத்தை மேடாக்குவதென்றால், தண்ணீரைப் பக்கத்து வீட்டுக்குத் திருப்பிவிடுவதாகத்தான் ஆகும்.

இந்த மண்ணின் மேல்தான் ஆரோக்கிய மாதாவைத் தேடி இந்தியா முழுவதிலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். 1962-இல் நம் ஆலயம் பசிலிக்கா ஆனது. 2010-இல் ரயில் வந்தது. 2015-இல் மத்திய அரசின் ‘ஹிருதய்’ பாரம்பரிய நகரத் திட்டத்துக்கு நாடு முழுவதிலிருந்தும் எடுத்த 12 ஊர்களில் காஞ்சிபுரத்தோடு நம் பேரூரும் ஒன்று. வாரணாசி, அமிர்தசரஸ், பூரி இருந்த பட்டியல் அது. ஆண்டுத் திருவிழாவில், ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை ஊரின் மக்கள்தொகை பலமடங்காகும். அதற்கெல்லாம் படுக்கை வேண்டும், கழிப்பறை வேண்டும், வண்டி நிறுத்த இடம் வேண்டும். லாட்ஜ் கட்டுபவரை நான் எதிரியாக நினைக்கவில்லை. காரைக்காலிலிருந்தோ கேரளாவிலிருந்தோ நடந்து வந்து, காலில் கொப்புளத்தோடு பிள்ளையைத் தோளில் சுமந்து நிற்பவருக்கு ஓர் அறை கொடுப்பது நல்ல காரியம். ஆனால் வீடு என்று அனுமதி வாங்கிய கட்டடம் மூன்றாம் வருடம் அறை அறையாகத் தடுக்கப்பட்டு விடுதியாகும்போது, அந்தச் சந்தில் தீயணைப்பு வண்டி நுழையுமா, மாடிக்கு இரண்டாவது படிக்கட்டு இருக்கிறதா என்று கேட்கும் பொறுப்பு யாருடையது? 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் கருகினார்கள். படிக்கட்டு குறுகலானது என்பது தீக்கு முந்தின நாளும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பார்த்தவர்கள் இருந்தார்கள். எழுதி நிறுத்தியவர் யாரும் இல்லை. நம் டெல்டா மண்ணில் நடந்தது அது, மறக்கக் கூடாது.

அதே வருடம் டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கடற்கரையில் யாத்திரிகர்கள் நிறைந்திருந்தார்கள். மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் போனார்கள். நம் கடற்கரையில் போனவர்களில் பலரை அடையாளம் சொல்லி அழ ஊரில் ஆள் கூட இல்லை, அவர்கள் வெளியூர்க்காரர்கள். இதை உங்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. உங்களில் சிலர் அன்று தூக்கிச் சுமந்தீர்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இங்கே விஷயம். 2005 மார்ச் 30 தேதியிட்ட அரசாணை 172, அலையேற்றக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்த மீனவர் வீடுகளுக்கு இரண்டு வழி காட்டியது. உள்ளே தள்ளிப் போனால் புது வீடு. அங்கேயே இருந்தால் பழுது பார்த்துக்கொள்ளலாம், அரசு உதவி இல்லை. உயிர் பயத்தில் பலர் நகர்ந்தார்கள். நல்ல எண்ணத்தில் வந்த ஆணைதான். ஆனால் அவர்கள் விட்டு வந்த இடத்தைப் பற்றிய கேள்வி அப்போதிருந்து இன்று வரை உயிரோடு இருக்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பு 1991-இல் வந்தது, 2011-இல் மாறியது, 2019-இல் மறுபடி மாறியது. 2019-இன் அறிவிப்பில், மக்கள்தொகை அடர்ந்த ஊர்ப்புறங்களில் 200 மீட்டராக இருந்த கட்டடத் தடை 50 மீட்டராகச் சுருங்க வழி வந்தது. உப்பங்கழி, ஆற்று முகங்களின் ஓரத்திலும் 100 மீட்டர் 50 ஆனது. மீனவன் பயந்து 200 மீட்டர் நகர்ந்தான். சட்டம் நிதானமாக அவன் பின்னால் வந்து, அவன் விட்ட இடத்தை வேறொருவருக்குத் திறக்கப் பார்க்கிறது. இந்த வரைபடங்கள் மக்கள் கருத்துக்கு வரும்போதெல்லாம் கடலோர மாவட்டங்களின் மீனவர்கள் சொல்வது ஒன்றுதான்: எங்கள் ஊர் இதில் முழுசாக இல்லை. வலை உலர்த்தும் இடம் இல்லை, படகு ஏற்றும் கரை இல்லை, கருவாடு காயும் மணல் இல்லை.

ஒரு சர்வேயராக அதன் காரணத்தை என்னால் சொல்ல முடியும். வரைபடத்தில் வீடு தெரியும், சாலை தெரியும், சுவர் தெரியும். காலையில் வலை விரித்து மாலையில் சுருட்டி எடுத்துப்போகும் இடம், படம் எடுக்கும் நேரத்தில் வெறும் மணல். ‘காலி இடம்’ என்று குறிக்கப்படும். பிறகு யாராவது அதற்கு ஒரு உபயோகம் கேட்டு மனுப் போடுவார். நம் மீனவர்கள் வாழும் ஆரியநாட்டுத் தெருவின் கரையில் எந்த மணல் யாருக்கு எதற்கு என்பது அங்கே பிறந்த எட்டு வயதுப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது அரசாங்கத்தின் படத்தில் ஏறவேண்டுமென்றால், ஏற்றக்கூடியவர்கள் நீங்கள்தான்.

இது நமக்கு மட்டும் வந்த சோதனை என்று நினைக்கவேண்டாம். பாட்ரிக் கெட்டிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1914-15-இல் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். தஞ்சாவூருக்கும் வந்தார். குறுகிய சந்துகளை இடித்து நேர்ரோடு போடுவதுதான் முன்னேற்றம் என்று பொறியாளர்கள் நினைத்த காலம். கெட்டிஸ் தெருத் தெருவாக நடந்தார். இடிந்த வீட்டை மட்டும் எடுத்து, அந்த வெற்றிடத்தில் ஒரு மரமும் ஒரு திண்ணையும் வைத்தால் காற்று வரும், மற்றவர்கள் குடியிருக்கலாம் என்று வாதாடினார். ஒரு வைத்தியர் கத்தி வைப்பதற்கு முன் உடம்பைத் தொட்டுப் பார்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் வந்ததே 1920-இல்தான். சட்டத்துக்கு முன்னாலேயே, நடந்து பார்த்து முடிவெடுக்கும் முறை தஞ்சாவூருக்கு வந்துவிட்டது.

என் மருமகன் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்தவன். நாகப்பட்டினத்துப் பிள்ளைகள் போகாத ஊரா அது. அங்கே அடுத்த பத்துப் பதினைந்து வருடத்துக்கான நில உபயோகப் படத்தை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுஆய்வு செய்கிறார்கள். வரைவைக் காட்சிக்கு வைக்கிறார்கள், யாரும் போய்ப் பார்க்கலாம், கருத்துச் சொல்லலாம். எந்தத் துண்டு நிலத்துக்கு என்ன உபயோகம் என்பதைக் கைப்பேசியிலேயே தட்டிப் பார்க்கலாம். அமெரிக்காவில் ஊருக்கு ஊர் திட்ட ஆணையம் என்று ஒன்று உட்காருகிறது. ஒருவர் தன் நிலத்தின் உபயோகத்தை மாற்றக் கேட்டால், சுற்றியிருக்கும் வீடுகளுக்குத் தபால் போகும். பல ஊர்களில் அந்த நிலத்திலேயே பலகை நடுவார்கள். திட்ட அலுவலர் எழுதிய ஆய்வறிக்கை கூட்டத்துக்குச் சில நாள் முன்பே வெளியாகும். கூட்டத்தில் மனுதாரர் பேசுவார், அக்கம்பக்கத்தார் மைக்கில் சில நிமிடம் பேசுவார்கள், பிறகு உறுப்பினர்கள் எல்லோர் முன்னாலும் காரணம் சொல்லி ஓட்டுப் போடுவார்கள். ஒரு சிறு ஊருக்கு இந்த அதிகாரம் உண்டா என்ற வழக்கு அங்கே உச்ச நீதிமன்றம் வரை போய், ஒஹையோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற கிராமத்துக்கு 1926-இல் வெற்றி கிடைத்தது. நம்மைப் போன்ற ஒரு சிறு ஊர்தான், ஆனால் பெரிய மாநகரத்தின் ஓரத்தில் இருந்தது.

ஆனால் அந்த முறையைக் கண்ணை மூடிக்கொண்டு புகழ எனக்கு மனமில்லை. அதே அமெரிக்காவில் சில நகரங்கள், கறுப்பர்கள் எந்தத் தெருவில் குடியிருக்கக் கூடாது என்று மண்டலம் பிரித்தன. 1917-இல் லூயிவில் நகரத்தின் அப்படிப்பட்ட விதியை உச்ச நீதிமன்றம் அடித்துப்போட்டது. அதற்குப் பிறகும் ‘சிறு வீடு கட்டக் கூடாது, அடுக்குமாடி கூடாது’ என்று சொல்லி ஏழையை வெளியே நிறுத்தும் வேலை மைக் முன்னால் நாகரிகமாக நடந்தது. நமக்கு இது நன்றாகப் புரியும். சேரியும் ஊரும் பிரிந்த மண் இது. அங்கே ஒரு சுடுகாடு, இங்கே ஒரு குப்பைக் கிடங்கு என்று இடம் தேடும்போது யாருடைய வீட்டுப் பக்கம் விரல் நீளும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆட்சேபம் கேட்கும் கூட்டத்தில் யார் நாற்காலியில் உட்காருகிறார்கள், யார் வாசலில் நிற்கிறார்கள் என்பதையும் நீங்கள் கவனிக்கவேண்டும்.

நிலத்தை விற்க நினைப்பவரைப் பற்றியும் பேசியாகவேண்டும். கடைமடையில் ஒரு ஏக்கர் சம்பா வைத்திருப்பவருக்கு வருடக் கடைசியில் கையில் என்ன நிற்கிறது? 2018 நவம்பர் 16 அன்று நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய கஜா புயல், தென்னையையும் கூரையையும் ஒரே இரவில் எடுத்துப் போனது. கடனும் கல்யாணமும் காத்திருக்காது. மனைக்கு விற்றால் பத்து மடங்கு கிடைக்கும் என்று தரகர் வந்து நிற்கும்போது, ‘விற்காதே, நாடு சோறு தின்ன வேண்டும்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. 2020 பிப்ரவரியில் சட்டமன்றம் நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நாம் கொண்டாடினோம். கொண்டாடத் தகுந்ததுதான். எண்ணெய், எரிவாயுக்குப் புதுத் துளை போடுவதையும் உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவற்றையும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மண்ணில் அது தடுக்கிறது. 2017-இல் கடலூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் 45 கிராமங்களைப் பெட்ரோலிய ரசாயன முதலீட்டு மண்டலமாக்க, இதே நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ்த்தான் அறிவிப்பு வந்தது. 2020-இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். ஒரு தாளில் வந்தது, மக்கள் பேசிப் பேசி இன்னொரு தாளில் போனது. ஆனால் வயல் மனையாவதை அந்த வேளாண் மண்டலச் சட்டம் தடுப்பதில்லை. ஆலைக்குச் சங்கம் வைத்துப் போராடலாம். அரை ஏக்கர், ஒரு ஏக்கராகப் போகும் வயலுக்கு யார் சங்கம் வைப்பது? அது உங்கள் மன்றத்தின் பொருள் பட்டியலில்தான் ஒவ்வொன்றாக வருகிறது.

ஆகையால் எல்லாவற்றையும் மறுக்கச் சொல்லவில்லை. மணல்மேட்டுக்கு மேற்கே, சாலையோரம், தண்ணீர் நிற்காத புன்செய் இருக்கிறது. ஊர் வளர அது தாங்கும். நம் பிள்ளைகள் கட்டிக் குடியேற மனை வேண்டும். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாதென்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, எத்தனை ஏழைகள் காசு கொடுத்து வாங்கிய மனையோடு அலைந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மனைப்பிரிவு போட்டவர் பணத்தோடு போய்விட்டார், வாங்கியவர் வரன்முறைப்படுத்தச் சொல்லிக் கட்டணம் கட்டினார். முதலிலேயே ஒழுங்காகப் பார்த்து அனுமதி கொடுத்திருந்தால் அந்த அலைச்சல் இல்லை. வேகமாக வாங்கித் தருகிறோம் என்று சொல்லி வாசல் கதவை மட்டும் திறந்து வைப்பது ஏழைக்குச் செய்யும் உதவியில் சேராது.

நான் கேட்பது சின்னக் காரியம். நில உபயோக மாற்றமோ மனைப்பிரிவோ உங்கள் மன்றத்துக்கு வரும்போது, தீர்மானத்துக்கு முன்னால் அந்த நிலத்தின் வாசலில், தகரப் பலகையில், தமிழில், படத்தோடு ஒட்டுங்கள். யார் கேட்கிறார், எதற்குக் கேட்கிறார், எந்தத் தேதியில் மன்றம் பேசப்போகிறது என்று எழுதுங்கள். பத்திரிகை விளம்பரம் சட்டத்துக்காக. இந்தப் பலகை அக்கம்பக்கத்துக்காக. பிறகு அந்த வார்டின் பகுதி சபையில் அதை ஒரு பொருளாக வையுங்கள். 2022-இன் விதிகள் அந்த மேடையைத் தந்திருக்கின்றன, குழாயும் விளக்கும் மட்டும் பேசுவதற்கு அது வேண்டாம். வயல்காரரும் குத்தகைக்காரரும் வரட்டும். குத்தகைக்காரருக்குப் பட்டா கிடையாது, ஆனால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று அவருக்குத்தான் தெரியும். ஒப்புவதோ மறுப்பதோ, தீர்மானத்தில் காரணம் எழுதுங்கள். ‘ஆட்சேபணை இல்லை’ என்ற இரண்டு வார்த்தைக்குப் பதிலாக, ‘தென்புறப் பள்ளம் மேல்மடை வயல்களின் வடிகாலாதலால் அதை அகலம் குறையாமல் விட்டுப் பிரிக்க வேண்டும்’ என்று ஒரு வரி சேர்ந்தால், மேலே கையெழுத்துப் போடுபவரால் அதைப் பார்க்காமல் போகமுடியாது. பார்க்காமல் போனாலும், நாளை நீதிமன்றத்தில் அந்த வரி பேசும்.

இன்னொன்று. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மிச்ச நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்காக ஒதுக்கித் தானப் பத்திரம் எழுதி உங்களிடம் ஒப்படைக்கவேண்டும் என்று 2019-இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் சொல்கின்றன. அந்த இடம் எந்த மூலையில் இருக்கிறது என்று பாருங்கள். விற்காத மூலையை, முக்கோணத் துண்டைப் பூங்கா என்று தள்ளிவிடுவது உலக வழக்கம். அதையே பள்ளமான பகுதியில் கேளுங்கள். மழையில் குளமாகவும் கோடையில் பிள்ளைகள் பந்தாடும் திடலாகவும் இருக்கட்டும். பேரூராட்சிக்கு ஒரு பைசா செலவில்லாமல் ஊருக்கு ஒரு குளம் திரும்பக் கிடைக்கும். ஒப்படைத்த பிறகு அதற்கு வேலி போட்டுப் பெயர்ப்பலகை வைப்பதும் உங்கள் பொறுப்பு. பலகை இல்லாத பூங்காவில் ஐந்தாம் வருடம் யாராவது கட்டடம் கட்டுவார்.

கடற்கரைப் பக்கத்து மனுக்களில் ஒரு சந்தேகம் வந்தால் அதை மணல்மேட்டின் பக்கம் தீர்த்துவைக்கச் சொல்வேன். இங்கிருந்து தெற்கே நாலுவேதபதியில் 2002-இல் கின்னஸ் சாதனைக்காக 80,000-க்கும் மேற்பட்ட கன்றுகளை ஒரே நாளில் நட்டார்கள். இரண்டு வருடம் கழித்து அலை வந்தபோது அந்த மரங்கள் தண்ணீரின் வேகத்தை உடைத்ததாக ஊர்க்காரர்கள் சொன்னார்கள். கின்னஸுக்காக நட்டது வீட்டைக் காத்தது. நம் கரையில் இருக்கும் மேட்டை யாரும் நடவேண்டியதில்லை, தரைமட்டமாக்காமல் விட்டால் போதும்.

ஐப்பசி பிறந்து அடைமழை பிடிக்கும்போது, பொருள் பட்டியலில் ஏதாவது புல எண் இருந்தால், செயல் அலுவலரிடம் சொல்லி அதை ஒரு கூட்டம் தள்ளி வையுங்கள். மழை வெறித்த மறுநாள் காலையில் அந்த நிலத்துக்குப் போவோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எல்லோருமாக. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தயங்குகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தண்ணீரே காட்டும். பங்குனியில் வெடித்துக் கிடக்கும் தரையில் எந்தக் கருவியாலும் அதைப் பார்க்க முடியாது. புலப்படத்தின் நகலும் அளவு நாடாவும் நான் கொண்டு வருகிறேன். வார்டில் யாருடைய வீட்டுத் திண்ணையில் கூடவேண்டும் என்று மட்டும் முந்தின நாள் சொல்லியனுப்புங்கள். காலை ஆறு மணிக்கு வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவர்,
வேளாங்கண்ணி